வாய் விட்டுப் படி

வாயை மூடிக்கொண்டும் ஒரு பிள்ளையால் படிக்க முடியும் என்பதை என் அம்மா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குப் படிப்பு என்றால் சத்தம். குழம்பு கொதிக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை, சத்தத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளை படிக்கிறதா என்பதும் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள். நான் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும், "வாய் விட்டுப் படிட்டி!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும். உலகத்தில் உள்ள அறிவு முழுவதும் தொண்டை வழியாகத்தான் மண்டைக்குள் போகிறது என்பது அவள் எண்ணம்.

நாங்கள் கோவில்பட்டிக்காரர்கள். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. மேனாம்பேட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு கட்டடத்தைக் கட்டி, குறுக்கே சுவர் வைத்துத் தடுத்து, ஒவ்வொரு தடுப்பையும் போர்ஷன் என்று பெயர் சூட்டி வாடகைக்கு விட்டிருந்தார். குறுக்குச் சுவர் கட்டும்போது செங்கல் தீர்ந்ததோ மனசு தீர்ந்ததோ தெரியாது, மேலே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்பே நிறுத்திவிட்டார். அந்த இடைவெளி வழியாகத் தாளிப்பு வாசனையும் இருமலும் புருஷன் பெண்டாட்டி சண்டையும் தாராளமாக வந்து போய்க்கொண்டிருந்தன.

நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம் அம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். நாளெல்லாம் சட்டைக்குக் காலர் தைப்பது. அவள் வீட்டுக்கு வர ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும். அப்பாவுக்கு ஷிப்ட். அவர் வீட்டில் இருக்கும் நேரம் பெரும்பாலும் தூங்கும் நேரம். என் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் சாவி தொங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்து உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும். அம்மா வந்து குரல் கொடுக்கும் வரை யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. தெரிந்தவர்கள் தட்டினாலும் கூடாது. தெரிந்தவர்கள் தட்டினால் இன்னும் கூடாது என்பது அம்மாவின் கணக்கு.

தனியாக இருக்கப் பயமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பயந்திருந்தால்கூட நேரம் போயிருக்கும். வீட்டுக்குள் ஒன்றுமே நடக்காமல் இருந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. காலையில் வைத்த சோறு மூடியபடி இருக்கும். அம்மா அவசரத்தில் கழற்றிப் போட்ட வளையல் அதே ஜன்னல் கட்டையில் அதே இடத்தில் இருக்கும். வெயில் இறங்கினால் மேலே ஷீட் டிக், டிக் என்று சுருங்கும். தெருவில் பிள்ளைகள் விளையாடுவது கேட்கும். ஆரம்பத்தில் என்னையும் வந்து கூப்பிட்டார்கள். கதவு திறக்காது என்று தெரிந்ததும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அவர்கள் என் பெயரைச் சொல்ல மாட்டார்களா என்று கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருநாளும் சொன்னதில்லை.

வேலைக்குப் போனாலும் அம்மா தன் காதை வீட்டிலேயே விட்டுப் போக ஒரு வழி செய்திருந்தாள். பக்கத்துப் போர்ஷனில் இருந்த அத்தையை அவள் அதற்கு நியமித்திருந்தாள். அத்தை என்பது உறவு முறை இல்லை, அம்மா அப்படிக் கூப்பிடச் சொன்னாள், அவ்வளவுதான். அவர்கள் பாரிவாக்கத்துப் பக்கத்து ஆட்கள். அந்த மாமா லாரி ஓட்டுகிறவர், வண்டி எடுத்துப் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அத்தை வீட்டிலேயே இருப்பாள். ஊதுபத்தி கம்பெனியிலிருந்து வாங்கி வந்த குச்சிகளில் மாவு உருட்டிக்கொண்டே இருப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து கரித்தூள் வாசனையும், பலகையில் கை உரசும் சத்தமும் வரும். வேறு சத்தம் வராது.

அம்மா வேலை முடிந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவரைப் பார்த்துக் கேட்பாள். "பிள்ள படிச்சாளாக்கா?"

"இன்னாக்கா இப்டி கேட்டுட்ட? தொண்ட கியிய படிச்சிகினே கீது புள்ள" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

அத்தை சொன்னதில் பொய் இல்லை. நான் தொண்டை கிழியத்தான் படித்தேன். ஆனால் தினமும் ஒரே பாடத்தை. சத்தம்தான் முக்கியம் என்றால் எந்தப் பாடமாக இருந்தால் என்ன என்று எனக்கு முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. அறிவியலில் ஒளிச்சேர்க்கை என்று ஒரு பாடம். அதன் முதல் பத்தி எனக்குத் தலைகீழாகப் பாடம். "இலைகள் தாவரங்களின் சமையலறை. இலைகள் சூரிய ஒளியைப் பயன்படுத்தி உணவு தயாரிக்கின்றன." இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே சுவரில் நிழல் காட்டி விளையாடலாம், பல்லி பூச்சி பிடிப்பதைப் பார்க்கலாம், பாவாடை ஓரத்து நூலைப் பிரிக்கலாம். பக்கத்து வீட்டு அத்தைக்குப் பாடமா தெரியப்போகிறது? அவளை நான் அம்மா வைத்த ஒற்றர் என்றுதான் நினைத்தேன். அதிலும் கொஞ்சம் மக்கு ஒற்றர்.

காலாண்டுப் பரீட்சை வந்தது. ரேங்க்கை முன்னாலிருந்து எண்ணினால் நேரமாகும், பின்னாலிருந்து எண்ணினால் சட்டென்று வந்துவிடும் என்கிற இடத்தில் நான் இருந்தேன். இரண்டு பாடத்தில் ஃபெயில். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு சத்தம் போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு மார்க் எங்கே போகிறது? ஏதோ ஒரு இடத்தில் ஒழுகுகிறது என்று முடிவு செய்து, ஒழுகும் இடத்தை அடைக்கக் கிளம்பினாள். கம்பெனியில் கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வல்லாரைக் கீரையைத் துவையலாக அரைத்தாள். நான் துப்பினேன் என்று மறுநாள் தோசை மாவில் கலந்தாள். கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னாள். கிழக்கே பார்த்தால் கக்கூஸ் கதவு என்பதால் வடக்கு போதும் என்று விட்டுவிட்டாள். ஊறவைத்த பாதாம் ஒன்று தினமும் காலையில் என் வாய்க்குள் திணிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் தன் பங்குக்கு என்னைக் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றினார். இத்தனைக்கும் நடுவில் இலைகள் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டே இருந்தன.

அப்பா இந்த வைத்தியங்கள் எதிலும் தலையிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார். "முழுப் பரீட்சையில ஒரு பாடம் போனாலும் ஜூன்ல இவளப் பெரியப்பா வீட்டுல கொண்டுபோய் விட்ருவோம். அங்கன இருந்து படிக்கட்டும்."

கோவில்பட்டியில் இருந்த பெரியப்பா வீட்டில் பல் தேய்ப்பதற்கு நேரம் உண்டு, சிரிப்பதற்கு நேரம் உண்டு, தும்முவதற்கு மட்டும்தான் இன்னும் நேரம் குறிக்கவில்லை. ஆனால் நான் பயந்தது பெரியப்பாவுக்கு இல்லை. அம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, "அதுவும் சரிதான். இங்க தனியாக் கெடந்து என்ன செய்யப் போறா" என்றாள். ஏழு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் கிடைத்துக்கொண்டிருந்த அம்மாவும் இனிமேல் கிடைக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா அப்படிச் சொன்னதற்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. பக்கத்துப் போர்ஷன் அத்தைக்கு என் வயதில் ஒரு பெண் உண்டு. முந்தின வருஷம்தான் அவளை ஆற்காட்டில் இருந்த நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். நாத்தனார் புருஷன் வாத்தியார். வாத்தியார் வீட்டில் இருந்தால் படிப்பு தானாக ஒட்டிக்கொள்ளும் என்று லாரி மாமா முடிவு செய்திருந்தார். ஒட்டிக்கொள்ளவும் செய்தது. அந்தப் பெண் அங்கே போய் ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை அவள் ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தபோதும் எனக்கு எங்கள் வீட்டில் பாட்டு விழுந்தது. நாங்கள் குடிவந்த கொஞ்ச நாளிலேயே போய்விட்டதால் முகம்கூடச் சரியாக ஞாபகம் இல்லாத அந்தப் பெண்ணை நான் மனசார வெறுத்தேன்.

மறுநாள் காலையில் குழாயடியில் அம்மா அத்தையிடம் இதைச் சொன்னாள். "உம் பொண்ணு மாதிரி இவளையும் அனுப்பிட்டாத்தான் உருப்படுவா போலிருக்குக்கா."

அத்தை குடத்தைக் குழாய்க்கு அடியிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "வேணாங்க்கா" என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, "இன்னா அவசரம், முயு பரீச்ச வரட்டுமே" என்று சேர்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. நானும் வெளியூருக்குப் போய் ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்துவிட்டால் அவள் பெண்ணின் பெருமை என்ன ஆவது? பொறாமை. எனக்குச் சாதகமான பொறாமை என்பதால் நான் அதை மன்னித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போலத் தாழ்ப்பாள் போட்டு, சோறு சாப்பிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு இலைகளைச் சமைக்க விட்டேன். நாலைந்து தடவை சமைத்திருக்கும். மேலே இடைவெளி வழியாக ஒரு குரல் வந்தது.

"பாப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நேரத்தில் அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் பேசியதே கிடையாது.

"டெய்லி இல சோறாக்குது, இல சோறாக்குதுன்னு சொல்லிகினே கீறியே, ஆக்குன சோத்த யாரு துன்றது?"

மாட்டிக்கொண்டேன் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதற்குப் பதில் எனக்குத் தெரியாது. இத்தனை நாள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை.

"இன்னா கம்முனு ஆயிட்ட? புக்குல போடலியா?"

"போட்டிருக்கும் அத்தை."

"பாத்துச் சொல்லேன்."

புத்தகத்தைத் தேடி எடுத்துத் திறந்தேன். அதுவரை வீட்டில் அது பையை விட்டு வெளியே வந்ததே இல்லை. அடுத்த பத்தியை மெதுவாகப் படித்தேன். செடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தண்டிலும் கிழங்கிலும் கனியிலும் விதையிலும் சேமித்து வைக்கிறது என்று போட்டிருந்தது.

"விதையில எதுக்கு வெக்கிது?"

"விதை முளைக்கும்போது அதுக்குச் சாப்பாடு வேணும்ல அத்தை."

அந்தப் பக்கம் கை உரசும் சத்தம் நின்றது. "அப்ப புள்ளைக்குன்னு எத்து வெச்சத நாமதான் புடுங்கி ஆக்கித் துன்னுகினு கீறோமா?" என்றாள். அப்புறம் பலகை மறுபடி உரச ஆரம்பித்தது. "சரி, அப்பால?"

அப்பால என்பது அத்தையின் வார்த்தை. அப்புறம் என்ன என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுவதும் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பத்தி முடியும், அப்பால என்பாள். பாடம் முடியும், அப்பால என்பாள். நாளைக்கு மிச்சம் என்று சொன்னால் விட மாட்டாள். வரலாற்றில் ஒரு ராஜாவை அவர் பெற்ற பிள்ளையே கோட்டைக்குள் சிறை வைத்துவிட்டான் என்று வந்ததும் அவளுக்கு ஆறவே இல்லை. "பெத்தவரயே உள்ள போட்டானா? அப்பால வெளிய உட்டானா, இல்லியா?" என்று கேட்டாள். புத்தகத்தில் அது இல்லை. மறுநாள் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து டீச்சரிடம் கேட்டேன். நான் வகுப்பில் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, விடவில்லை, அவர் கடைசி வரை உள்ளேயே இருந்து செத்துப்போனார் என்றார். சாயங்காலம் வந்ததும் பையை வைப்பதற்கு முன்னால் சுவரைப் பார்த்து அதைச் சொன்னேன். "பாவி" என்று ஒரு குரல் வந்தது.

கணக்கை வாய் விட்டுப் படிக்க முடியாது என்று எல்லோரும் சொல்வார்கள். அத்தைக்கு அதையும் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு தொட்டி, அதை ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, இரண்டையும் திறந்துவிட்டால் எப்போது நிரம்பும் என்று ஒரு கணக்கு. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு கொயாவையும் தொறந்து வுட்டுட்டு எந்த லூசு குந்திகினு கீறான்? நம்ம லைனுக்கு வந்து ஒரு கொடம் தண்ணி புடிக்கச் சொல்லு அவன. நாக்கு தள்ளிப் பூடும்."

"அது கணக்குக்காக அத்தை. நெஜமா இல்ல."

"காலி பண்ற கொயா தொறந்து கீதுன்னா எப்டி ரொம்பும்? சும்மா சொல்லாத."

ரொம்பும் என்று அவளை நம்ப வைப்பதற்காக, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று நான் சுவரோடு சண்டை போட்டேன். சண்டையின் நடுவில் கணக்கு எனக்கே புரிந்துவிட்டது. டீச்சர் கரும்பலகையில் மூன்று தடவை போட்டுக் காட்டியும் புரியாத கணக்கு அது. அத்தை மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் ஒரு விசித்திரம். நாங்கள் இப்படிப் பேசியதெல்லாம் சுவர் இருக்கும்போதுதான். காலையில் குழாயடியில் எதிரெதிரே நின்றால் அத்தை வேறு யாரோ மாதிரி இருப்பாள். நானும் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்னொருத்தர் முன்னால் பாடத்தைப் பற்றிப் பேச்சு எடுத்ததே இல்லை. அம்மா வந்து பிள்ளை படித்தாளா என்று கேட்கும்போதும் அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் தொண்டை கிழிந்ததை மட்டும்தான் சொல்வாள். சாயங்காலம் தாழ்ப்பாள் போட்டதும் எனக்கு ஒரு அவசரம் வந்துவிடும். சாப்பிடாமலே புத்தகத்தை எடுத்தேன். அப்படியும் நான் அவளைத் துணை என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை. கேட்டுத் தொலைக்கிறாள், சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் தெருவில் பிள்ளைகள் என் பெயரைச் சொல்கிறார்களா என்று கதவில் காதை வைப்பது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் லீவில் அந்தப் பெண் ஆற்காட்டிலிருந்து வந்தாள். வாத்தியார் மாமா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எண்ணெய் வழிய இரட்டைச் சடை. கையில் துணிப்பையோடு புத்தகப் பையும். லீவுக்குப் புத்தகம் எடுத்து வருகிற பிள்ளையை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அத்தை வீட்டில் அன்று வாசனையே வேறாக இருந்தது. சுசியம் சுட்டாள். மீன் வாங்கி வந்தாள். "துன்னு கண்ணு, இன்னும் ரெண்டு வெச்சிக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதிலுக்கு அந்தப் பெண் "போதும்மா" என்பது மட்டும் கேட்கும். சாயங்காலம் நான் இந்தப் பக்கம் ஆவலாக உட்கார்ந்திருந்தேன். ஃபர்ஸ்ட் ரேங்க் எப்படிப் படிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா. ஆனால் சத்தமே வரவில்லை. பக்கம் புரளும் சத்தம் மட்டும் எப்போதாவது கேட்டது.

"வாய் வுட்டுப் படியேன் கண்ணு" என்றாள் அத்தை.

"அங்க சத்தம் போட்டுப் படிக்கக் கூடாதும்மா. மாமா திட்டுவாரு."

"இங்க யாரு திட்டப் போறாங்க? எனக்காண்டி ஒரு பக்கம் படிச்சிக் காட்டு. இன்னா போட்டுகீதுன்னு நானும் கேக்கறேன்."

"உனக்குச் சொன்னா புரியாதும்மா."

அதற்கப்புறம் பலகை உரசும் சத்தம்கூட வரவில்லை. பிள்ளைக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நிறுத்தியிருப்பாள். எனக்கு ஒரே திருப்தி. ஃபர்ஸ்ட் ரேங்க்கின் ரகசியம் தெரிந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு படிக்க வேண்டும். அம்மாவிடம் உடனே போய்ச் சொன்னேன். "அவ வாத்தியார் வீட்டுப் பிள்ள, என்னமும் செய்வா. நீ வாய் விட்டுப் படி" என்று சொல்லிவிட்டாள்.

லீவு முடிந்து வாத்தியார் மாமா வந்து அழைத்துப்போனார். அந்தப் பெண் அழவில்லை. "பாத்தியா, படிக்கிற பிள்ள அழாது" என்று அம்மா என் காதில் சொன்னாள். அத்தை தெருமுனை வரை கூடப் போனாள். வெகு நேரம் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலம் நான் யோசித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணைப் போலவே வாயை மூடிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். முதல் பத்தியைக்கூட நான் முடிக்கவில்லை.

"பாப்பா" என்றாள் அத்தை. "ஊட்லதான கீற? படியேன்."

ஒற்றர் வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று எரிச்சலோடு புத்தகத்தை விரித்தேன். இந்தியாவின் ஆறுகள். எந்த ஆறு எங்கே பிறந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று வரிசையாக வரும், எனக்கே தூக்கம் வரும் பாடம். அன்றைக்கு அத்தை குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஆறு முடிந்ததும் "அப்பால?" என்று மட்டும் கேட்டாள். எல்லா ஆறும் கடலில் போய் விழுந்து தீர்ந்த பிறகும் கேட்டாள். வேறு இல்லை அத்தை என்றேன். "அப்ப மொதல்லேந்து சொல்லு" என்றாள்.

முழுப் பரீட்சையில் நான் எல்லாப் பாடத்திலும் பாஸ். வெறும் பாஸ் இல்லை, ரேங்க்கை இப்போது முன்னாலிருந்து எண்ணினால்தான் சீக்கிரம் வரும். அறிவியலில், விதைக்குள் செடி தன் பிள்ளைக்கு உணவு எடுத்து வைக்கிறது என்று நான் எழுதியிருந்ததை அடிக்கோடிட்டு, டீச்சர் முழு மார்க் போட்டிருந்தார். அம்மா வல்லாரையின் மகிமையைக் கம்பெனி முழுக்கச் சொன்னாள். முதல் பெஞ்சில் உட்கார வைத்ததால்தான் என்று டீச்சர் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பெரியப்பா பெயரைச் சொன்ன பயம்தான் வேலை செய்தது என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. எனக்கும் காரணம் தெரியாது. எனக்குத் திடீரென்று மூளை வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கோவில்பட்டிக்குப் போக வேண்டாம் என்று அப்பா சொன்ன அன்று, அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அவள் காலர் தைத்து மரத்துப்போன விரல்களால் என் தலையைக் கோதிக்கொண்டே தூங்கிப்போனாள்.

அந்தக் கோடை லீவிலேயே நாங்கள் வீடு மாறினோம். திருநின்றவூரில் வாடகை குறைவு, இரண்டு அறை, சுவர் கூரை வரைக்கும் உண்டு. அம்மாவுக்கு அந்தச் சுவர்தான் ரொம்பப் பிடித்திருந்தது. இனிமேல் நம் வீட்டுப் பேச்சு நம் வீட்டோடு என்றாள். சாமான்களை ஏற்ற ஒரு டெம்போ வந்தது. பீரோ, கட்டில், அம்மி, கடைசியாக ஒரு சாக்கு மூட்டையில் என் பழைய புத்தகங்கள்.

எல்லாம் ஏற்றி முடித்து, அம்மா கதவைப் பூட்டும்போது அத்தை வெளியே வந்தாள். கையெல்லாம் கரிமாவு. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போய் வருகிறோம் என்றாள். அத்தை தலையை ஆட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். சுவர் இல்லாமல் அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"எட்டாவது புக்கு வாங்கியாச்சா பாப்பா?"

"ஸ்கூல் திறந்தாத்தான் குடுப்பாங்க அத்தை."

"பயைய புக்கு வெச்சினு கீறியா?"

"மூட்டையில இருக்கு."

அவள் டெம்போவைப் பார்த்தாள். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அதுல ஏதோ ஒண்ண எத்து ஒரு பக்கம் படிச்சிக் காட்டிட்டுப் போயேன்" என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அத்தை, லீவு வுட்டாச்சு. பரீட்சை எழுதி பாஸும் ஆயாச்சு. இனிமே எதுக்குப் படிக்கணும்?" என்றேன். அம்மா சிரித்தாள். கயிறு கட்டிக்கொண்டிருந்த டெம்போக்காரரும் சிரித்தார். "ஆமால்ல?" என்று அத்தையும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். முந்தானையை எடுக்காமலே உள்ளே போய்விட்டாள்.

நான் டிரைவர் பக்கத்தில் அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தேன். டெம்போ மெயின் ரோட்டில் திரும்பியது. இத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாப் பாடத்தையும் கேட்டும், பாடம் படிப்பது பரீட்சைக்காகத்தான் என்கிற சின்ன விஷயம்கூட இந்த அத்தைக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.